ஆறு டிரம் மண்

முருகன் துணை

கப்பலில் இருந்து
10.10.2023

அன்புள்ள இந்துவுக்கு,

லிங்கராஜ் எழுதுவது. கைகால் சுகத்தோடு இருக்கிறேன். நீயும் அம்மாவும் ஆத்தூரில் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு இருமல் நின்றதா?

கடைசியாக நாம் போனில் பேசி நான்கு மாதம் ஆகிவிட்டது. கப்பல் முதலாளி எங்களை இந்த வெளிநாட்டுத் துறைமுகத்தில் விட்டு ஒரு வருடம் ஆகிறது, ஆளையே காணவில்லை. டீசல் தீர்ந்ததால் ஜெனரேட்டர் ஓடவில்லை, போன் எல்லாம் செத்துக் கிடக்கிறது. கரை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் இறங்க அனுமதி இல்லை. கப்பலை ஆளில்லாமல் விடக்கூடாதாம். பதினான்கு பேரில் எட்டுப் பேரைப் போராடி அனுப்பிவிட்டார்கள். மீதி ஆறு பேர் இருக்கிறோம். சமையல்காரன் பெனிஸ்டன் நம் மணப்பாட்டுக்காரன், அதனால் பேச்சுத் துணைக்குக் குறையில்லை.

இந்தக் கடிதம் உனக்கு வந்தால் அது ஷாம் என்பவர் புண்ணியம். இங்கே மாலுமிகள் நலச் சங்கத்தில் வேலை பார்க்கிறார், சொந்த ஊர் நாசரேத் பக்கம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை படகில் அரிசி, பருப்பு, தண்ணீர் கொண்டுவருகிறார். போன் கொண்டுவர அவருக்கு அனுமதி இல்லை, காகிதம் மட்டும்தான். என் கடிதத்தைக் கரையில் வைத்துப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார். நீயும் தாளில் எழுதிப் போட்டோ அனுப்பினால் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவருவார்.

இப்போது விஷயம். காய்கறி கண்ணில் பட்டு ரொம்ப நாள் ஆகிறது. எல்லாருக்கும் ஈறில் ரத்தம் வருகிறது, கேப்டனுக்கு இரண்டு பல் ஆடுகிறது. ஷாம் ஐந்து மூட்டை மண்ணும் தக்காளி விதையும் கீரை விதையும் கொண்டுவந்து தந்தார். பிளாஸ்டிக் டிரம்களைப் பாதியாக அறுத்து ஆறு டிரம்மில் மண் நிரப்பினோம். செடி முளைத்தது, ஆனால் வளரவில்லை. இலை எல்லாம் சோகை பிடித்த மாதிரி. காய்த்த இரண்டு தக்காளியும் அடிப்பக்கம் கறுத்து அழுகிவிட்டன.

ஒன்பது வருடம் நர்சரியில் நிற்கிறவள் நீ. என்ன செய்யலாம் சொல்லு. சீக்கிரம் சொல்லு.

உன்னையே நினைத்திருக்கும்,
லிங்கராஜ்

*

ஆத்தூர்
18.10.2023

அன்புள்ள அத்தானுக்கு,

இந்து எழுதுகிறேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சே வந்தது. அத்தைக்கு இருமல் தேவலை. கடிதத்தை என்னை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பல்லு ஆடுத வயசா அவனுக்கு?" என்று ஒரே புலம்பல். கேப்டனுக்குத்தான் என்று சொன்னாலும் நம்பவில்லை.

அடி கறுத்து அழுகுவது பூச்சியோ நோயோ இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேரவில்லை. மண்ணில் கால்சியம் இல்லாமல் இருக்கலாம், இருந்தும் மண் புளித்துப் போனதால் வேருக்குக் கிடைக்காமல் இருக்கலாம். கப்பல் கடைசியாக என்ன சரக்கு ஏற்றியது? மண் எங்கே கிடந்தது? பாய்லர் தண்ணீரைச் சோதிக்க நிறம் மாறும் காகிதம் வைத்திருப்பீர்கள் என்று ஒருதரம் சொன்னீர்களே, அது இருந்தால், ஒரு கரண்டி மண்ணை நல்ல தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, அந்தத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். காகிதம் காட்டும் எண் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே இருந்தால் நல்ல மண். ஐந்துக்குக் கீழே என்றால் புளித்த மண்.

புளித்திருந்தால் சுண்ணாம்பு வேண்டும். கப்பலின் வெளிப்பக்கத்தில் சிப்பி ஒட்டியிருக்கும். சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, காயவைத்து, இடித்து மாவாக்குங்கள். ஒரு டிரம்முக்கு இரண்டு கைப்பிடி போதும். சுடாதீர்கள். சுட்ட சுண்ணாம்புக்கு வேகம் அதிகம், வேரை எரித்துவிடும். பச்சைச் சிப்பி மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும்.

நர்சரி சங்கரபாண்டியன் அண்ணாச்சியும் உங்களை விசாரித்தார். உங்களை மீட்கச் சொல்லித் திங்கள்தோறும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சாப்பிடுங்கள்.

என்றும் உங்கள்,
இந்துமதி

*

கப்பல்
20.11.2023

அன்புள்ள இந்துவுக்கு,

நலம். உன் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல்.

நீ கேட்டது சரி. கடைசிச் சரக்கு கந்தகம். மஞ்சள் தூள் இன்னும் மூலைமுடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண் மூட்டையை அந்தக் கிடங்குக்குள்தான் மழைக்கு ஒதுக்கி வைத்திருந்தோம். காகிதம் நாலரை காட்டியது.

இப்போது ஒரு தப்புச் செய்துவிட்டேன், திட்டாதே. சிப்பி இடித்து இரண்டு டிரம்மில் நீ சொன்னபடி போட்டேன். மீதி நாலுக்கு ஒரு மாதம் பொறுக்க மனமில்லை. ஈறு வீங்கிச் சோறு மெல்ல முடியாமல் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது எப்படிப் பொறுப்பது? பெனிஸ்டன், "அண்ணே, சுட்டுப் போட்டா டக்குனு புடிக்கும்லா" என்றான். பழைய பலகையை எரித்துச் சிப்பியைச் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றி, அள்ளிப் போட்டேன். மூன்றே நாளில் நாலு டிரம்மும் போயிற்று. கீரை கருகிவிட்டது. தக்காளியில் உயிர் இருக்கிறது, ஆனால் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. காகிதம் ஒன்பது காட்டுகிறது.

இன்னொன்று. அம்மாவுக்கு வாசிக்காதே. செகண்ட் இன்ஜினியர் பவுல் சார் இப்போது இல்லை. போன படகில் அவருக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்தது. அப்பா இறந்து பத்து நாள் ஆகிவிட்டது என்று இருந்தது.  மறுநாள் காலை டீக்குக் கூப்பிடப் போனால் ஆள் இல்லை. கப்பலின் பின்பக்கக் கம்பிக்குக் கீழே செருப்பு ஜோடியாகக் கிடந்தது. ரப்பர் படகை இறக்கி நாள் முழுக்கத் தேடினோம்.

அவர் வேலையையும் சேர்த்து நான்தான் பார்க்கிறேன். வேலை என்று என்ன இருக்கிறது? ஓடாத இன்ஜினுக்கு எண்ணெய் துடைப்பதுதான்.

அந்த நாலு டிரம்மையும் காப்பாற்ற வழி சொல்லு.

லிங்கராஜ்

*

ஆத்தூர்
02.12.2023

அன்புள்ள அத்தானுக்கு,

பவுல் சாரைப் பற்றி வாசித்ததிலிருந்து கை ஓடவில்லை. அத்தைக்கு வாசிக்கவில்லை. அத்தான், என்ன செய்தி வந்தாலும் நீங்கள் அந்தப் பின்பக்கம் போகக்கூடாது. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்யுங்கள். படகில் அதையும் எழுதி அனுப்புங்கள்.

மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். திட்டவில்லை. கொழுந்து மஞ்சளாவது இரும்புச் சத்து கிடைக்காததால். மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு மிஞ்சியதால் வேர் அதை எடுக்க முடியாமல் தவிக்கிறது. இனி சாம்பலும் போடாதீர்கள், சிப்பியும் போடாதீர்கள். உங்கள் கந்தகத் தூளையே எடுங்கள். ஒரு டிரம்முக்கு ஒரே ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் கூடாது. மேல்மண்ணில் கிளறி, ஈரம் காயாமல் பாருங்கள். மண்ணில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைத் தின்று புளிப்பாக்கும். அதற்கு ஆறு வாரம், எட்டு வாரம்கூட ஆகும். பத்து நாளைக்கு ஒருமுறை காகிதத்தை முக்கிப் பாருங்கள். ஏழை நெருங்கினால் நிறுத்திவிடுங்கள்.

பச்சைச் சிப்பி போட்ட இரண்டு டிரம் ஆறுக்கு வந்த பிறகும் காய் அடி கறுத்தால், மேலும் சுண்ணாம்பு போட்டுவிடாதீர்கள். அதுவும் ஒன்பதுக்குப் போய்விடும். அங்கே தேவை ஜிப்சம். அது கால்சியம் கொடுக்கும், மண்ணின் புளிப்பை ஏற்றவும் செய்யாது, இறக்கவும் செய்யாது. ஷாம் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். தண்ணீரையும் ஒருநாள் நிறைய, ஒருநாள் இல்லை என்று ஊற்றாதீர்கள். தினமும் ஒரே அளவு.

அத்தை தானும் ஒரு வரி எழுதுவேன் என்று பேனாவைப் பிடுங்குகிறாள்.

உங்கள்,
இந்துமதி

லிஙகம நலலா சாபபிடு. வெயிலல நிககாத. அமமா

*

கப்பல்
21.12.2023

அன்புள்ள இந்துவுக்கு,

நலம். சத்தியம் செய்கிறேன், போதுமா?

அம்மாவின் வரியைப் பெனிஸ்டனிடம் காட்டினேன். "என்னண்ணே, ஒரு எழுத்துக்கும் புள்ளியே இல்ல?" என்றான். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் அடித்தும் அம்மா புள்ளி வைக்கப் பழகவில்லை என்று சொன்னேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தோம். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

நல்ல மண் இரண்டு டிரம் ஆறு காட்டுகிறது. செடி தளதளவென்று இருக்கிறது. ஆனால் நீ பயந்தபடியே காய் அடி கறுக்கிறது. ஷாமிடம் ஜிப்சம் கேட்டால், அடுத்த படகு எப்போது என்றே தெரியவில்லை, துறைமுகத்தில் ஏதோ கெடுபிடி என்கிறார். அப்போதுதான் யோசனை வந்தது. கப்பல் மருந்து அறையில் எலும்பு முறிவுக்குக் கட்டும் மாவுக்கட்டுச் சுருள் ஒரு பெட்டி இருக்கிறது, தேதி முடிந்தது. அந்த மாவு ஜிப்சத்தைச் சுட்டதுதான் என்று கேப்டன் சொல்கிறார். அதைப் போடலாமா? உன்னைக் கேட்காமல் இந்தத் தடவை தொடமாட்டேன்.

நேற்று முன்தினத்திலிருந்து மனசு சரியில்லை. காரணம் தெரியவில்லை. அம்மாவை இன்னொரு வரி எழுதச் சொல்லு.

லிங்கராஜ்

*

ஆத்தூர்
11.01.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் தாமதமாகிவிட்டது. இங்கே மழை கொஞ்சம் அதிகம். டவர் இல்லை, கரண்ட் இல்லை, அதனால்தான். கவலைப்பட வேண்டாம்.

மாவுக்கட்டு நல்ல யோசனை. கேப்டன் சொன்னது சரி. சுருளைத் தண்ணீரில் நனைத்து, மாவைப் பிழிந்து தட்டில் ஊற்றுங்கள். கால் மணி நேரத்தில் கல்லாக இறுகும். இறுகிய பிறகு அதுவும் ஜிப்சமேதான். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து உடைத்து, நைசாக இடித்து, டிரம்முக்கு மூன்று தேக்கரண்டி, வேரைத் தொடாமல் சுற்றிலும் போட்டு, தண்ணீர் விடுங்கள். இடிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கறுத்த காயைப் பறித்து எறிந்துவிடுங்கள், அது திருந்தாது. இனிமேல் பிடிக்கிற பிஞ்சைப் பாருங்கள். அதில்தான் தெரியும்.

கந்தகம் போட்ட டிரம் எவ்வளவு காட்டுகிறது? ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். செடி எவ்வளவு உயரம், எத்தனை இலை, எல்லாம் எழுதுங்கள். எனக்கு அதை வாசிக்கணும்.

பெனிஸ்டனுக்கு ஈறு எப்படி இருக்கிறது? கேப்டனுக்குப் பல்?

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

உங்கள்,
இந்துமதி

*

கப்பல்
02.02.2024

இந்து,

கொஞ்சம் மழை என்று எழுதியிருக்கிறாய். ஷாம் இன்றைக்குத்தான் வந்தார். ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் வெள்ளத்தில் மூழ்கிப் போனது என்கிறார். டிசம்பர் பதினெட்டாம் தேதி என்கிறார். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நீ கேட்டுக்கொண்டாயாம், ஆனால் அந்த மனுஷனுக்கு என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. அவருக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாதாம்.

வீடு இருக்கிறதா? நீ எங்கே இருக்கிறாய்? அம்மா எங்கே? உன் கடிதத்தை அவர் கொடுத்ததிலிருந்து நாலு தடவை வாசித்துவிட்டேன். கேப்டன் பல்லைக்கூட விசாரித்திருக்கிறாய். அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அம்மாவை எழுதச் சொல்லு. ஒரு வரி போதும். அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஷாம் படகில் நின்று அவசரப்படுத்துகிறார்.

லிங்கராஜ்

*

ஆத்தூர்
10.02.2024

அன்புள்ள அத்தானுக்கு,

மன்னியுங்கள். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீங்கள் பதறுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை. தண்ணீர் வந்தது உண்மை. வீட்டுக்குள் இடுப்பளவு ஏறியது. மேற்குச் சுவர் விழுந்துவிட்டது, தகரம் வைத்து அடைத்திருக்கிறோம். நர்சரி மொத்தமும் போய்விட்டது. ஊரில் வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் அழுகிக் கிடக்கிறது. உப்பளத்து வரப்பு உடைந்து வந்த தண்ணீர் சில தோட்டங்களில் நின்றுபோனதால் அண்ணாச்சி மண்ணுக்கு ஜிப்சம் போட்டு உப்பைக் கழுவிக்கொண்டிருக்கிறார். நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். அங்கே நீங்கள், இங்கே நான், இரண்டு பேரும் ஒரே வேலையைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு உடம்பு கொஞ்சம் அசதி. அவ்வளவுதான். கீழே எழுதியிருக்கிறாள்.

சாப்பிடுங்கள் அத்தான். டிரம் கணக்கு எழுத மறந்துவிட்டீர்கள்.

உங்கள்,
இந்துமதி

லிங்கம் நான் நல்லா இருக்கேன். நீ சாப்பிடு. அம்மா

*

கப்பல்
08.03.2024

அன்புள்ள இந்துவுக்கு,

நலம். நீ கேட்ட கணக்கு இதோ. பச்சைச் சிப்பியும் மாவுக்கட்டும் போட்ட இரண்டு டிரம்மும் ஆறரையில் நிற்கின்றன. புதிதாகப் பிடித்த காய் பதினொன்று. ஒன்றுகூடக் கறுக்கவில்லை. கந்தகம் போட்ட நாலில் மூன்று ஏழரைக்கு இறங்கிவிட்டது, புதுக்கொழுந்து பச்சையாக வருகிறது. ஒன்று மட்டும் எட்டரையை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது. கீரை மறுபடி விதைத்து இரண்டு தடவை அறுத்தாயிற்று. தக்காளியை ஆளுக்குப் பாதியாக அறுத்து உப்புத் தொட்டுத் தின்றோம். பெனிஸ்டன் விதையைக்கூடத் துப்பவில்லை. கேப்டன் பல் ஆட்டம் குறைந்திருக்கிறது.

தலைமுடி ரொம்ப வளர்ந்து தொந்தரவாக இருந்தது. பெனிஸ்டன் பிளேடால் மொத்தமாக மழித்துவிட்டான். மீசையையும் எடுத்துவிட்டேன்.

சுவருக்குத் தகரம் போதாது. காற்றுக் காலத்துக்கு முன் கட்டிவிடப் பார். நீ உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் நிற்காதே.

லிங்கராஜ்

*

ஆத்தூர்
17.03.2024

அன்புள்ள அத்தானுக்கு,

அத்தையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையையும் மீசையையும் மழித்ததை எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைத்து என்ன?

அத்தை டிசம்பர் இருபதாம் தேதி காலையில் போய்விட்டாள்.

பதினெட்டு காலையில் ஆற்றில் தண்ணீர் கூடுகிறது என்றார்கள். நாற்றுத் தட்டை மேலே ஏற்ற அண்ணாச்சி கூப்பிட்டார். நான் தயங்கினேன். அத்தைதான், "ஏளா, நீ போய் நாத்தைப் பாரு. நான் கதவைச் சாத்திக்கிட்டு இருக்கேன்" என்றாள். நான் போனேன் அத்தான். வெறும் கத்தரி நாற்றுக்காகப் போனேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தால் ரோடே ஆறாக ஓடுகிறது. இறங்கப் போன என்னை நாலு பேர் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மறுநாள் மத்தியானம் புன்னைக்காயலில் இருந்து படகு கொண்டுவந்தவர்கள்தான் என்னைக் கூட்டிப் போனார்கள். அத்தை கட்டில் மேல் மேசையைப் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே இருந்திருக்கிறாள். உடம்பு ஐஸாக இருந்தது. படகில் என் மடியில் படுத்துக்கொண்டு, "ஏளா, லிங்கம் கப்பல்லயும் இப்படித் தண்ணி ஏறுதோ?" என்று கேட்டாள். "இல்ல அத்தை, அது இரும்பு, ஏறாது" என்றேன். "அப்ப சரி" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. கல்யாண மண்டபத்தில் படுக்கவைத்திருந்தோம். டாக்டர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

விறகெல்லாம் ஈரம். மேட்டுச் செம்மணல் தேரியில் புதைத்தோம். ஊரே தண்ணீராய்க் கிடந்தது, அத்தையைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க ஒரு குடம் கிடைக்கவில்லை. மகன் செய்ய வேண்டியதை யார் செய்வது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நான் செய்கிறேன் என்றேன். யாரும் தடுக்கவில்லை.

ஜனவரியில் எழுதிய கடிதம் அந்த மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து எழுதியது. உங்களிடம் எப்படிச் சொல்வேன்? பவுல் சார் செருப்பைப் பற்றி எழுதியது நீங்கள்தானே?

அத்தை கையெழுத்தை அவளுடைய பழைய ரேஷன் நோட்டைப் பார்த்து மூன்று நாள் பழகினேன். அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். பதில் மட்டும் போடுங்கள்.

இந்துமதி

*

கப்பல்
05.04.2024

அன்புள்ள இந்துவுக்கு,

உன்னை ஒன்றும் சொல்வதற்கில்லை. நீ அம்மா மாதிரியே கோணலாகத்தான் எழுதியிருந்தாய். ஆனால் புள்ளி வைத்துவிட்டாய்.

தாளைக் கையில் வாங்கி அந்த வரியைப் பார்த்த அந்த நிமிஷமே தெரிந்தது. உன்னிடம் செய்த சத்தியத்தை மீறினேன். மறைக்க விரும்பவில்லை. பின்பக்கம் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பெனிஸ்டன் பின்னாலேயே வந்திருக்கிறான். கையைப் பிடிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. "அண்ணே, இன்னைக்குத் தண்ணி ஊத்துத முறை உங்களுக்கு. மூணாவது டிரம்மு காஞ்சு கெடக்கு" என்றான். போய் ஊற்றினேன். ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா பேச்சியம்மாளுக்கு மகன் செய்தது அவ்வளவுதான்.

நாற்றுக்காகப் போனேன் என்று எழுதியிருக்கிறாய். அதை இனி எழுதாதே. நான் அங்கே இருந்திருந்தாலும் அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பாள். நான் செய்ய வேண்டியதை நீ செய்தாய். 

இப்போது செய்தி. கோர்ட்டு உத்தரவு வந்துவிட்டது. ஐந்து பேரில் நாலு பேர் ஊருக்குப் போகலாம். கப்பல் ஏலம் போகும்வரை காவலுக்கு ஒருவர் இருக்க வேண்டும். சீட்டுப் போட்டோம். இருக்க வேண்டியவன் என்று பெனிஸ்டன் பெயர் வந்தது. அவன் மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம். அவன் சமையலறையில் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டான். நான் கேப்டனிடம் போய் நான் இருக்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மாவைப் பார்க்கத்தான் ஓடி வர வேண்டும் என்றிருந்தேன். இனி அவசரமாக வருவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது.

நாளை அவர்கள் இறங்குகிறார்கள். ஏலம் ஒரு மாதமோ ஆறு மாதமோ தெரியாது. செடி இருக்கிறது. நீ கவலைப்படாதே.

லிங்கராஜ்

*

ஆத்தூர்
11.06.2024

அத்தானுக்கு,

இரண்டு மாதமாக நான் பதில் எழுதவில்லை. ஷாம் அண்ணன் மூன்று தடவை கேட்டுவிட்டார். மூன்று தடவையும் இல்லை என்று சொன்னேன். "ஆள் படகைப் பாத்ததும் கடுதாசி உண்டான்னு கேக்காரு. இல்லைன்னதும் செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிருவாரு" என்று அவர் சொன்னபோதும் எழுதவில்லை. தாளை எடுத்து உட்கார்ந்தால், "அவசரமாக வருவதற்கு என்ன இருக்கிறது" என்ற அந்த ஒரு வரி முன்னால் வந்து நின்றுகொள்ளும். பேனா ஓடாது.

பெனிஸ்டன் ஏப்ரல் கடைசியில் மணப்பாட்டிலிருந்து இங்கே வந்தார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "மயினி, என்னைத் திட்டுங்க" என்றார். அவரைத் திட்டி என்ன? உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன். நீங்கள் செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தக் குழந்தையைப் பார்த்த யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கையெழுத்துப் போடும்போது ஆத்தூரில் ஒருத்தி இருக்கிறாள் என்பது உங்களுக்கு நினைவு வரவில்லையே. இருபது மாதமாகத் திங்கள்தோறும் மனுவோடு வரிசையில் நிற்கிறாள், செத்தவள் கையெழுத்தைப் பழகி எழுதினாள், விழுந்த சுவரோரம் தனியாகப் படுத்திருக்கிறாள். அவள் உங்களுக்கு அவசரம் இல்லை.

எழுதாமல் இருந்த ஒவ்வொரு நாளும் எனக்குப் பயம்தான்.  போனில் ஷாம் பெயரைப் பார்த்தால் எடுக்க முடியாமல் மூன்று தடவை மணி அடிக்கவிட்டு எடுப்பேன். உங்களைத் தண்டிக்கிறேன் என்று நினைத்து என்னையே கொன்றுகொண்டிருந்தேன். எழுதாமல் விட்டதில் உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால், கப்பலில் தண்ணீர் ஏறாது என்று நான் அத்தைக்குச் சொன்ன மாதிரி ஒரு பொய் எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

இன்று காலை ஷாம் அண்ணன் சொன்னார். கப்பல் ஏலம் போய்விட்டது, பதினேழாம் தேதி உங்களை இறக்குகிறார்கள், பதினெட்டு சென்னை, அன்றைக்கே முத்துநகர் ரயில். கேட்டுவிட்டு அண்ணாச்சி தோட்டத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்தவர்கள் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

தூத்துக்குடி ஸ்டேஷனுக்குப் பத்தொன்பதாம் தேதி காலை நான் வந்து நிற்பேன். அங்கே நாலு பேர் முன்னால் அழமாட்டேன், சண்டையும் போடமாட்டேன். முதலில் தேரிக்குப் போய் அத்தை கிடக்கிற இடத்தைக் காட்டுகிறேன். பிறகு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, உங்களை எதிரே உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேட்பேன். அவசரமாக வருவதற்கு என்ன இருக்கிறது என்று எழுதினீர்களே, அதை என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லுங்கள்.

ரயிலில் பட்டினியாக வராதீர்கள். எதையாவது வாங்கித் தின்றுவிட்டு ஏறுங்கள்.

இந்துமதி